கொடுத்தவர் கேட்டதும் பெற்றவர் கட்டியதும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் வரலாறு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் என்று ஒரு நகரம் இருக்கிறது. நம்மூர்ச் சேலத்துக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. அந்தச் சேலம், மொரேவியக் கிறித்தவர்கள் 1766இல் அமைத்த ஊர். பக்கத்திலேயே 1849இல் வின்ஸ்டன் எழுந்தது. 1913இல் இரண்டு ஊர்களும் ஒன்றாயின. அங்கே 1892 செப்டம்பர் 28 அன்று ஒரு பள்ளியைத் திறந்தார்கள். மரச்சட்டமும் பலகையுமாக ஒரு கட்டடம், அதில் ஒரே அறை. பிள்ளைகள் 25 பேர், ஆசிரியர் ஒருவர். பெயர், ஸ்லேட்டர் தொழிற்பள்ளி. இன்று அது வின்ஸ்டன்-சேலம் மாநிலப் பல்கலைக்கழகம். ஐயாயிரம் பேர் அளவில் படிக்கிறார்கள்.

இந்த வரலாற்றை ஓர் அறக்கட்டளை மேடையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்லேட்டர் என்பவர் அந்தப் பள்ளியில் பாடம் நடத்தியவரோ படித்தவரோ இல்லை. அவர் ஓர் அறக்கட்டளையை நிறுவியவர். பள்ளி திறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1884இல், காலமாகிவிட்டார். கல்விக்குப் பணம் கொடுப்பவர் எதையோ மனத்தில் வைத்துத்தான் கொடுக்கிறார். வாங்குபவரின் தேவை வேறாக இருக்கலாம். அந்த இடைவெளியில் நின்று ஒரு சமூகம் என்ன கட்டி எழுப்ப முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் கண்டதில்லை.

முதலில், அந்த மண்ணில் படிப்பு எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். வட கரோலினா சட்டமன்றம் 1830இல் ஒரு சட்டம் இயற்றியது. அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது குற்றம். சொல்லிக்கொடுப்பவர் வெள்ளையர் என்றால் 100 முதல் 200 டாலர் வரை அபராதம், இல்லையேல் சிறை. ஓர் அடிமையே இன்னோர் அடிமைக்குச் சொல்லிக்கொடுத்தால் முதுகில் 39 கசையடி. இந்தச் சட்டத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது தண்டனை அல்ல, அதிலிருந்த ஒரு விலக்கு. எண்களை மட்டும் கற்பிக்கலாம் என்று சட்டமே இடம் கொடுத்தது. மூட்டைகளை எண்ண வேண்டும், பலகையை அளக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும். எண் தெரிந்த அடிமையால் எசமானுக்கு லாபம். எழுத்து தெரிந்தவனோ செய்தித்தாளைப் படித்துவிடுவான். வெளியூர் போவதற்கான அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான். ஒரு மனிதனுக்கு எவ்வளவு கல்வி கொடுத்தால் நமக்குப் பயன், எந்த இடத்தைத் தாண்டினால் நமக்கு ஆபத்து என்று அளந்து எழுதிய சட்டம் அது.

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. அந்த ஆண்டு மே 21 அன்று, சேலத்தில் கறுப்பின மக்கள் வழிபட்ட செயின்ட் ஃபிலிப்ஸ் தேவாலயத்தில், வடபுலப் படையின் போதகர் ஒருவர் விடுதலை ஆணையை வாசித்தார். சட்டம் ஒழிந்தது. அந்த அளவுகோல் மட்டும் பல உருவங்களில் நீடித்தது. தொழிற்பள்ளி என்ற ஏற்பாட்டையும் அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஜான் ஃபாக்ஸ் ஸ்லேட்டர், கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரத்து ஆலை முதலாளி. அமெரிக்காவில் பஞ்சு நூற்பாலைத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர் என்று போற்றப்படும் சாமுவேல் ஸ்லேட்டர் இவருக்குப் பெரியப்பா. போருக்கு முந்தைய தலைமுறைகளில் வடபுல ஆலைகளில் ஓடிய பஞ்சு, தெற்கே அடிமைகள் விதைத்து, களை எடுத்து, பறித்துக் கொடுத்த பஞ்சு. அந்தத் தொழிலில் சேர்ந்த செல்வத்திலிருந்து 1882இல் 10 லட்சம் டாலரை எடுத்து, விடுதலை பெற்ற மக்களின் கல்விக்கென்று ஒரு நிதியம் ஏற்படுத்தினார் ஸ்லேட்டர். முன்னாள் குடியரசுத் தலைவர் ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் அறங்காவலர் குழுவுக்குத் தலைமை ஏற்றார். நல்ல மனத்தோடு கொடுத்த பணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பணத்தின் வேர் எந்த வயலில் இருந்தது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சிறு பங்கு திரும்பி வந்தது என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அறங்காவலர்கள் கைத்தொழில் பயிற்சி கொடுக்கும் பள்ளிகளுக்கே முன்னுரிமை என்று முடிவு செய்தார்கள். அந்தக் காலத்து மாதிரிகள் இரண்டு: வர்ஜீனியாவில் 1868இல் தொடங்கிய ஹாம்ப்டன், அலபாமாவில் 1881இல் புக்கர் டி. வாஷிங்டன் பொறுப்பேற்ற டஸ்கீகி. பையன்களுக்குத் தச்சு, கொத்துவேலை, கொல்லுவேலை, விவசாயம். பெண்பிள்ளைகளுக்குத் தையல், சமையல், சலவை. டஸ்கீகி மாணவர்கள் தாங்களே செங்கல் அறுத்துச் சூளை போட்டு, தங்கள் வகுப்பறைகளைக் கட்டினார்கள். அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் வெள்ளையின நன்கொடையாளர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. சலவை தெரிந்த பெண் தங்கள் வீட்டுக்கு உதவுவாள். கொத்துவேலை தெரிந்தவன் தங்கள் சுவரைக் கட்டுவான். லத்தீனும் வரலாறும் படித்தவன் என்ன செய்வான் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்தச் சூழலில் வந்தவர் சைமன் கிரீன் அட்கின்ஸ். 1863 ஜூன் 11 அன்று வட கரோலினாவின் சாத்தம் மாவட்டத்தில், ஹேவுட் என்ற சிற்றூரில் அடிமைக் குழந்தையாகப் பிறந்தார். ராலே நகரத்தின் செயின்ட் அகஸ்டின்ஸ் பள்ளியில் 1884இல் படிப்பை முடித்து, சாலிஸ்பரியில் உள்ள லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஆறு ஆண்டுகள் பணியாற்றினார். அது கறுப்பினத்தவர்களே நடத்திய கல்லூரி. தங்கள் கையால் ஒரு கல்லூரியை நடத்துவது எப்படி என்பதை அங்கேதான் அவர் கற்றிருக்க வேண்டும். 1890இல் வின்ஸ்டனுக்கு வந்து, டெப்போ தெருப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார்.

வின்ஸ்டன் அப்போது முழுக்க முழுக்கப் புகையிலை ஊர். ஆர். ஜே. ரெனால்ட்ஸ் 1875இல் அங்கே ஆலை வைத்தபின் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வேலை தேடி வந்து குவிந்தன. காய்ந்த இலையை ஈரப்படுத்தி, விரித்துப் பிடித்து, நடுவே ஓடும் தடித்த நரம்பை ஒரே இழுப்பில் உருவி எடுக்க வேண்டும். இலை கிழியக் கூடாது. பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலை இது. கூலி எடைக்கணக்கு. புகையிலைத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் படிய நாள் முழுக்க நிற்க வேண்டும். பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளைகள் இந்த ஆலைகளில்தான் இருந்தார்கள்.

அட்கின்ஸின் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. 1890ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, வேளாண், இயந்திரவியல் கல்லூரிகளுக்கு நிதி பெறும் மாநிலங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவர்களுக்குத் தனிக் கல்லூரி அமைக்க வேண்டும் என்றது. வட கரோலினா தனிக் கல்லூரி வழியைத் தேர்ந்தெடுத்தது. அதை வின்ஸ்டனுக்குக் கொண்டுவர அட்கின்ஸ் ஊர் வணிகர்களிடம் பேசினார், தன் மக்களைத் திரட்டினார். கல்லூரி பக்கத்து நகரமான கிரீன்ஸ்பரோவுக்குப் போய்விட்டது. இன்று வட கரோலினா ஏ அண்ட் டி என்று பெயர் பெற்ற பல்கலைக்கழகம் அதுதான்.

அந்தத் தோல்விக்குப் பின் அவர் தொடங்கியதுதான் நாம் பேசும் பள்ளி. பள்ளியோடு நிற்கவில்லை; அதைச் சுற்றி ஒரு குடியிருப்பையும் திட்டமிட்டார். கொலம்பஸ் வந்து 400 ஆண்டு நிறைந்த காலம் என்பதால் கொலம்பியன் ஹைட்ஸ் என்று பெயர். ஆலைத் தொழிலாளிகளும் ஆசிரியர்களும் மனை வாங்கி, சொந்த வீடு கட்டி, அந்தப் பள்ளியை நடுவில் வைத்து வாழ வேண்டும் என்பது எண்ணம். வெறும் பள்ளிக்கூடத்தை எளிதாக மூடிவிடலாம். சொந்த வீட்டுக்காரர்கள் சூழ்ந்திருக்கும் பள்ளியை மூடுவது அவ்வளவு எளிதல்ல. அட்கின்ஸின் கெட்டிக்காரத்தனத்தில் இதையே நான் முதலில் வைப்பேன்.

அடுத்தது காலம் பார்த்துச் செயல்பட்டது. 1894 தேர்தலில் வட கரோலினாவில் ஓர் அபூர்வக் கூட்டணி வென்றது. கறுப்பினத்தவர் பெருவாரியாக ஆதரித்த குடியரசுக் கட்சியும், ஏழை வெள்ளை விவசாயிகளின் மக்கள் கட்சியும் கைகோத்தன. அந்தச் சட்டமன்றம் அமைந்த 1895ஆம் ஆண்டிலேயே ஸ்லேட்டர் பள்ளிக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. 1897இல் 'ஸ்லேட்டர் தொழில் மற்றும் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி' என்று சட்டப்படியான பட்டயம் வந்தது. நன்கொடையாளர் கேட்ட தொழில் முன்னால் நிற்கிறது. அட்கின்ஸ் கேட்ட ஆசிரியர் பயிற்சி, அரசின் பொறுப்போடு, பின்னால் வந்து சேர்ந்துவிட்டது.

ஓராண்டு தாமதித்திருந்தாலும் நிலைமை மாறியிருக்கும். 1898 நவம்பர் 10 அன்று அதே மாநிலத்தின் வில்மிங்டன் நகரத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த நகர ஆட்சியை ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் கவிழ்த்தது. கறுப்பினத்தவர் நடத்திய செய்தித்தாள் அலுவலகத்தைக் கொளுத்தியது, பலரைக் கொன்றது. 1900இல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி, எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே ஓட்டு என்றார்கள். படிக்கத் தெரியாத வெள்ளையருக்கு மட்டும் ஒரு வாசல் திறந்து வைத்தார்கள்: 1867க்கு முன் அவருக்கோ அவருடைய முன்னோருக்கோ ஓட்டுரிமை இருந்திருந்தால் போதும். 1830இல் படிக்கக் கூடாது என்று அடித்தவர்களின் பிள்ளைகள், 1900இல் ஏன் படிக்கவில்லை என்று கேட்டு ஓட்டைப் பறித்தார்கள். இப்படிப்பட்ட மாநிலத்தில் ஓர் ஆசிரியரை உருவாக்குவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கிராமத்துக்கு ஓர் ஆசிரியை போனால், அந்தக் கிராமத்தின் அடுத்த தலைமுறை ஓட்டுச்சாவடிக்குப் போகும் வழி திறக்கிறது.

கறுப்பினக் கல்வி என்றாலே இரண்டு பெயர்களை எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். கைத்தொழில் முதலில் என்ற புக்கர் டி. வாஷிங்டன் ஒரு பக்கம். உயர்கல்வி பெற்ற தலைமை வேண்டும் என்று 1903இல் தம் நூலில் வாஷிங்டனை வெளிப்படையாக மறுத்த டு பாய்ஸ் மறுபக்கம். என் சார்பு டு பாய்ஸ் பக்கம்தான். ஆனால் இந்த விவாதத்தைப் படித்துவிட்டு அட்கின்ஸ் போன்றவர்களை வளைந்து கொடுத்தவர்கள் என்று தள்ளிவிடுவது பெரும் தவறு. வடபுலத்து நிதியமும் உள்ளூர் ஆலை முதலாளியும் தொழிற்பள்ளி என்ற பெயரைப் பார்த்துக் காசு கொடுத்தார்கள். அந்தக் காசில் தச்சுப்பட்டறையும் நடந்தது, ஆசிரியர் பயிற்சியும் நடந்தது. மாவட்டம் மாவட்டமாகப் போனவர்கள் ஆசிரியர்கள்.

1904இல் அட்கின்ஸ் தம் திருச்சபையின் கல்விப் பணிக்குப் போனார். 1913இல் மீண்டும் பொறுப்பேற்றார். இடைக்காலத்தை வேகமாகக் கடந்து 1925க்கு வருகிறேன். அந்த ஆண்டு சட்டமன்றம் புதிய பட்டயம் கொடுத்தது. பள்ளி, வின்ஸ்டன்-சேலம் ஆசிரியர் கல்லூரி ஆனது. பட்டம் வழங்கும் உரிமை வந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பட்டம் வழங்கிய முதல் கறுப்பினக் கல்வி நிறுவனம் என்ற இடம் அமெரிக்கா முழுவதிலும் இதற்கே உரியது. தொடக்கப் பள்ளிக்கு எதற்குப் பட்டம் என்று கேட்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. அந்தப் பத்தாண்டுகளில் தெற்கு மாநிலங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் நிதி ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு, அந்தந்த ஊர்க் கறுப்பின மக்கள் தங்கள் கூலியிலிருந்து ஒரு பங்கு என்று சேர்த்து, 1932க்குள் ஏறத்தாழ 5,000 பள்ளிக்கூடங்களைக் கட்டினார்கள். வேறெந்த மாநிலத்தையும்விட வட கரோலினாவில்தான் அதிகம், 800க்கு மேல். கட்டடம் எழும்பிவிட்டது, உள்ளே நின்று பாடம் நடத்த யார்? அந்தக் கேள்விக்கு முதலில் தயாராக இருந்தவர் அட்கின்ஸ். 1934இல் அவர் இறந்தபின் மகன் ஃபிரான்சிஸ் 1961 வரை தலைவராக இருந்தார். 1953இல் செவிலியர் பள்ளி தொடங்கியது அவர் காலத்தில்தான். இன்றும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் துறைகளில் அது ஒன்று.

இனி ஆலைக்குத் திரும்ப வேண்டும். 1943 ஜூனில், ரெனால்ட்ஸ் ஆலையில் இலை நரம்பு உருவும் பெண்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தார்கள். அன்று வேலைத்தளத்திலேயே ஒரு தொழிலாளி சரிந்து விழுந்து இறந்தார். அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்தது லோக்கல் 22 என்ற தொழிற்சங்கம். அது கூலிக்காக மட்டும் போராடவில்லை; தொழிலாளர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யக் கிளம்பியது. 1900இல் பறித்த ஓட்டு ஒவ்வொன்றாகத் திரும்பியது. 1947இல் அந்த ஓட்டுகளின் பலத்தில் கென்னத் வில்லியம்ஸ் என்ற போதகர் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நூற்றாண்டில், தெற்கே ஒரு வெள்ளை வேட்பாளரை நகர மன்றத் தேர்தலில் தோற்கடித்த முதல் கறுப்பினத்தவர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். சங்கம் 1950இல் தோற்று மறைந்தது. வில்லியம்ஸோ 1961இல் அந்த ஆசிரியர் கல்லூரியின் தலைவர் ஆனார்.

இதே காலத்தில் அந்த நகரத்தில் இன்னொரு அறக்கட்டளையும் வேலை செய்தது. 1946இல் ரெனால்ட்ஸ் குடும்ப அறக்கட்டளை, வேறோர் ஊரிலிருந்த வேக் ஃபாரஸ்ட் என்ற வெள்ளையர் கல்லூரியை வின்ஸ்டன்-சேலத்துக்கு இடம் மாறி வரச் சொன்னது. ஆண்டுக்கு 3.5 லட்சம் டாலர் வரை நிரந்தரமாகத் தருவதாக வாக்களித்தது. 1951இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் வந்து முதல் மண்வெட்டு வெட்டினார். 1956இல் கல்லூரி குடிவந்தது. புகையிலையைக் கையால் உருவியவர்களின் பிள்ளைகள் படித்த கல்லூரி அதே நகரத்தில் அப்போதே 60 ஆண்டைத் தாண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் வருகிறது; மறைக்கவில்லை.

ஆனால் அந்த இரண்டு கல்லூரிகளின் மாணவர்களும் ஒரு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு ஏ அண்ட் டி மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான சிற்றுண்டி கவுண்ட்டரில் அமர்ந்தது உலகறிந்த செய்தி. பிப்ரவரி 8 அன்று வின்ஸ்டன்-சேலத்தில் கார்ல் மேத்யூஸ் என்ற இளைஞர் தனியாளாகப் போய் அதே மாதிரி ஒரு கவுண்ட்டரில் அமர்ந்தார். ஆசிரியர் கல்லூரி மாணவர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். பிப்ரவரி 23 அன்று உல்வொர்த் கடையில் 21 பேர் கைதானார்கள்: ஆசிரியர் கல்லூரியிலிருந்து 11 பேர், வேக் ஃபாரஸ்டிலிருந்து 10 பேர். அந்தப் பத்து வெள்ளை மாணவர்கள் படித்த கல்லூரியில் அப்போது ஒரு கறுப்பின மாணவருக்கும் இடமில்லை. மே 25 அன்று நகரத்தின் கவுண்ட்டர்கள் எல்லோருக்கும் திறந்தன. கிரீன்ஸ்பரோவுக்கு அது ஜூலையில்தான் கிடைத்தது.

கூடைப்பந்தைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1946இல் பயிற்சியாளராக வந்து 1993 வரை இருந்த கிளாரன்ஸ் கெய்ன்ஸ் 828 ஆட்டங்களில் வென்றவர். ஆறடிக்கு மேல் உயரம், வீடு போன்ற உடம்பு. அதனால் 'பிக் ஹவுஸ்' என்று பெயர். அவருடைய மாணவர் எர்ல் மன்ரோ 1966-67 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 41.5 புள்ளிகள் எடுத்தார். அந்த 1967இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கூடைப்பந்துப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினக் கல்லூரி இதுதான். வெள்ளையரும் அந்த அரங்கத்துக்கு டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

1963இல் மாநிலக் கல்லூரி, 1969இல் பல்கலைக்கழகம், 1972இல் வட கரோலினாப் பல்கலைக்கழக அமைப்பின் உறுப்பு. படிகள் இவ்வளவுதான். அரசின் முழு அணைப்பில் வந்தபின் நிபந்தனைகள் தீர்ந்துபோயினவா? 2016இல் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்த ஆண்டு மாநில மேலவையில் ஒரு மசோதா வந்தது. ஐந்து பல்கலைக்கழக வளாகங்களில் மாநில மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 500 டாலர் மட்டும். ஐந்தில் மூன்று கறுப்பினக் கல்வி நிறுவனங்கள். வின்ஸ்டன்-சேலம் அவற்றில் ஒன்று. கட்டணம் குறைகிறது, ஏழைப் பிள்ளைகள் சேரலாம். ஆனாலும் முன்னாள் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். கட்டணமாக வரும் பணத்தை இன்று குறைத்துவிட்டு, அந்த இழப்பை ஆண்டுதோறும் அரசு ஈடுகட்டும் என்கிறீர்கள். அடுத்த சட்டமன்றம் கையை விரித்தால் யாரிடம் போவது என்று கேட்டார்கள். தங்கள் பட்டத்தை மலிவுச் சரக்காக்குகிறீர்கள் என்றார்கள். 1895இல் ஒரு சட்டமன்றம் கொடுத்ததையும் 1900இல் அரசியலமைப்புத் திருத்தம் ஓட்டைப் பறித்ததையும் பாட்டனார் வாயால் கேட்டு வளர்ந்தவர்களின் கேள்வி அது. வின்ஸ்டன்-சேலமும் ஃபயட்வில்லும் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டன. எலிசபெத் சிட்டி, பெம்ப்ரோக், மேற்கு கரோலினா ஆகிய மூன்றிலும் 2018இல் திட்டம் தொடங்கியது. மூன்று வளாகங்களில் அது நடந்ததைப் பார்த்தபின், 2022இல் ஃபயட்வில்லும் சேர்ந்துகொண்டது.

2016இல் மறுத்தவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. அதே சமயம், அந்த 500 டாலர் கட்டணத்தில் தங்கள் ஊரிலேயே படித்திருக்கக்கூடிய புகையிலைத் தொழிலாளிகளின் கொள்ளுப்பேரர்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன். வின்ஸ்டன்-சேலம் இன்னும் அந்தத் திட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது.